மந்த காலத்தில் பைலட் ஆகலாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விமான நிறுவனங்கள் ஆட்குறைப்பை அறிவிக்கும் காலத்தில், பைலட் ஆக ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். ஒரு பக்கம் "அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே" என்பார்கள். பயிற்சிப் பள்ளிக்காரர்கள், "இப்போது சேர்ந்தால் நீங்கள் முடித்து வெளியே வரும்போது சந்தை எழுந்திருக்கும்" என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் இரண்டு பேச்சும் சந்தை எப்போது திரும்பும் என்பதையே சுற்றி வருகிறது. அது யாருக்கும் தெரியாது. உங்களால் பதில் சொல்ல முடிகிற கேள்வி ஒன்று இருக்கிறது: லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, வேலை கிடைக்காமல் எவ்வளவு காலம் என்னால் தாக்குப்பிடிக்க முடியும்?

கீழே உள்ள படிகளை அந்தக் கேள்வியை மனதில் வைத்தே அடுக்கியிருக்கிறேன். குறைந்த செலவில் பெரிய பதில் தருகிற வேலை முதலில், பெரும் பணம் போகிற வேலை கடைசியில்.

படி 1: இது எந்த மாதிரி மந்தம்?

இந்தத் தொழிலுக்குச் சரிவு புதிதல்ல. வளைகுடாப் போரும் எண்ணெய் விலையும் சேர்ந்து அடித்த 1991இல், ஈஸ்டர்ன், பான் ஆம் என்ற இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் ஒரே ஆண்டில் மூடப்பட்டன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பைலட்டுகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அதன் பின்னாலேயே நிதி நெருக்கடி வந்தது. 2020இல் உலகப் பயணிகள் போக்குவரத்து முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது.

இவை எழுந்த வேகம்தான் ஒன்றுக்கொன்று வேறு. 2020இல் அமெரிக்க நிறுவனங்கள் சலுகை கொடுத்து மூத்த பைலட்டுகளை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பின. பயணிகள் திரும்பியபோது ஓட்ட ஆளில்லை. இரண்டே ஆண்டுகளில் ஆட்குறைப்பு பற்றாக்குறையாக மாறியது. 2001க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர்மாறு. மெல்ல எழுந்துகொண்டிருந்த நேரத்தில், 2007 டிசம்பரில் அமெரிக்கா பைலட்டுகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக்கியது. அடுத்த ஐந்தாண்டு மேலிருந்து வயது காரணமாகக் கட்டாய ஓய்வு பெறுபவர் யாருமே இல்லை. கூடவே 2008 சரிவும் வந்து சேர, சேர்ந்த தேதி வரிசைப் பட்டியலின் அடியில் இருந்தவர்கள் கோ-பைலட் இருக்கையிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். எனவே செய்தியில் பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் வேலை தேடப்போகும் நிறுவனங்களில் அடுத்த ஐந்தாண்டில் எத்தனை பேர் 65ஐத் தொடுகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பயணிகள் நிரம்பி வழிவார்கள், விமானம் இருக்காது. போயிங் 737 மேக்ஸ் பறக்க 2019 மார்ச்சில் தடை விதிக்கப்பட்டபோதும், பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் 2023 முதல் நூற்றுக்கணக்கான ஏர்பஸ் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டபோதும் இதுதான் நடந்தது. குறுகிய தூரம் பறக்கும் ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 12 பைலட்டுகள் தேவைப்படுவார்கள். அப்படியென்றால் "20 விமானங்களின் டெலிவரி ஓராண்டு தள்ளிப்போகிறது" என்று வணிகப் பக்கத்தின் மூலையில் வரும் வரிக்குள் 200 வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

புதியவருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அனுபவமுள்ள எத்தனை பேர் இப்போது வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பது. நிறுவனங்கள் திரும்ப ஆள் எடுக்கத் தொடங்கும்போது முதலில் தங்கள் பழைய ஆட்களைக் கூப்பிடும். அடுத்து, வேறு நிறுவனம் மூடியதால் நிற்கும், ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 ஓட்டிப் பழகியவர்கள். 200 மணி நேரம் சின்ன விமானம் ஓட்டிய நீங்கள் மூன்றாவது வரிசை. சந்தை எழுந்துவிட்டது என்று தலைப்புச் செய்தி வந்தாலும் உங்கள் வரிசை நகர ஓராண்டு கூடுதலாக ஆகலாம்.

அப்புறம், அடுத்த 20 ஆண்டுகளுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் புதிய பைலட்டுகள் தேவை என்று போயிங் வெளியிடும் கணிப்பு. எல்லாப் பள்ளி விளம்பரத்திலும் இது இருக்கும். கணிப்பைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்வது விமானம் விற்கும் நிறுவனம், சொல்லும் காலம் 20 ஆண்டு. உங்கள் கடன் தவணை மாதாமாதம் வரும்.

படி 2: மெடிக்கலை முதலில் முடியுங்கள்

இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பள்ளிக்கு ஒரு பைசா கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல. சர்வதேச விதிப்படி தூரப் பார்வை கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். நிறக்குருடு பலரைத் தடுத்துவிடும், அதுவும் அதுவரை தெரியாமலே இருந்தவர்களை. செவி, இதயம், வலிப்பு வரலாறு, மனநல மருந்துகள் எல்லாம் கேட்பார்கள். மறைக்காதீர்கள், பின்னால் தெரிந்தால் லைசென்ஸே போகும்.

இந்தச் சான்றிதழை வேலையில் இருக்கும் வரை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் தொழில் நின்றுவிடும் என்பதால்தான் பைலட்டுகள் லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுக்கிறார்கள்.

படி 3: உங்களுக்கு இது வருமா என்று பாருங்கள்

நிறுவனங்கள் கேடட்களை, அதாவது பயிற்சிக்கான புதியவர்களை, எடுக்கும்போது வைக்கும் திறனறித் தேர்வை இப்போதே தனியாக எழுதிப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் ஒரு முள்ளை நடுவில் நிறுத்திக்கொண்டு, காதில் கேட்கும் எண்களில் குறிப்பிட்ட ஒன்று வரும்போது பட்டனை அழுத்தி, திரையின் ஓரத்தில் மனக்கணக்கும் போடச் சொல்வார்கள். பழகினால் ஓரளவு மேம்படும். பலமுறை பழகியும் கீழேயே நின்றால் அதுவும் ஒரு பதில்தான், மிக மலிவாகக் கிடைத்த பதில்.

பிறகு பயிற்சியாளரோடு சில மணி நேரம் பறந்து பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் பிடிக்கும். காற்று தூக்கிப் போடும் மதிய நேரத்தில், ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி எட்டுத் தடவை இறங்கி ஏறிய பிறகும் மறுநாள் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இந்த வேலையின் பெரும்பகுதி ஒரே காரியத்தை ஒவ்வொரு முறையும் சரியாகச் செய்வதுதான்.

படி 4: மூன்று காகிதக் கணக்கு

முதல் காகிதத்தில் பயிற்சிச் செலவு. பள்ளி விளம்பரத்தில் இருக்கும் தொகையை அப்படியே எழுதாதீர்கள். அது எதுவும் தவறாத மாணவருக்கான தொகை. சர்வதேச விதிப்படி, சம்பளத்துக்குப் பறக்க அனுமதிக்கும் கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150. "குறைந்தது" என்பதைக் கவனியுங்கள். பலருக்குக் கூடுதல் மணி நேரம் தேவைப்படும். வானிலை கெட்டு இரண்டு வாரம் பறக்காவிட்டால் பழையபடி கை பழக ஒரு பாடம் திரும்ப எடுக்க வேண்டிவரும். தேர்வுக் கட்டணம், தவறினால் மறு தேர்வுக் கட்டணம், தேர்வு நடத்தும் தேர்வாளருக்கான கட்டணம், தங்குமிடம், ஹெட்செட் வரை எழுதுங்கள். மொத்தத்தின் மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காகிதத்தில் டைப் ரேட்டிங், அதாவது ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான தனிப் பயிற்சி. நல்ல காலத்தில் பல நிறுவனங்கள் தாங்களே செலவு செய்து, சில ஆண்டு வேலை செய்வேன் என்று பாண்ட் எழுதி வாங்கும். மந்த காலத்தில் இந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காகிதம்தான் பலரிடம் இருக்காது. அது காத்திருப்புச் செலவு. லைசென்ஸ் வாங்கியதும் எல்லாம் நின்றுவிடுவதில்லை. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஐரோப்பிய விதிப்படி ஓராண்டுதான் செல்லும்; ஆண்டுதோறும் தேர்வாளரை வைத்துப் பறந்து புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் கடந்த ஆறு மாதத்துக்குள் கருவிகளைப் பார்த்தே ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும் அப்ரோச்சை ஆறு முறை செய்திருக்க வேண்டும். பயணிகளை ஏற்றிப் பறக்க, கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். மெடிக்கலுக்குத் தனிக் கட்டணம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அதற்கு முன் சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே பறப்பதைப் பழகும் கருவியில், சில மணி நேரம் பழக வேண்டும். இதோடு வாழ்க்கைச் செலவையும் கடன் தவணையையும் சேர்த்து, மூன்று ஆண்டால் பெருக்குங்கள். அப்படிப் பெருக்கிய தொகையைப் பார்த்த பிறகும் தூக்கம் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

கடன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து, மந்த காலத்தில், ஒரே தவணையில் கட்டி இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டாம். வீடு போனால் பாதிக்கப்படுவது முடிவெடுத்தவர் மட்டுமல்ல. காசு சேர்த்து இரண்டு ஆண்டு தள்ளிப் போனால் இந்தத் தொழிலில் பெரிய இழப்பில்லை. 28, 30 வயதில் தொடங்குபவர்கள் ஏராளம்.

படி 5: எந்த வழியில் பயிற்சி?

பொதுவாக மூன்று வழிகள். ஒரே பள்ளியில் முழு நேரமாகச் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஆண்டில் எல்லாவற்றையும் முடிப்பது ஒன்று. வேலை பார்த்துக்கொண்டே, சம்பளம் வாங்காமல் பறக்க மட்டும் உதவும் தனியார் லைசென்ஸ், மணி நேரச் சேர்ப்பு, எழுத்துத் தேர்வு, கமர்ஷியல், இன்ஸ்ட்ருமென்ட் என்று பகுதி பகுதியாக வாங்குவது இன்னொன்று. ஒரு விமான நிறுவனத்தோடு இணைந்த மல்டி க்ரூ பைலட் லைசென்ஸ் மூன்றாவது.

மந்த காலத்தில் நான் பகுதி பகுதியான வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். நிறுத்த முடியும் என்பதுதான் காரணம். எழுத்துத் தேர்வு முடிந்த நிலையில் சந்தை இன்னும் கீழே போனால், பறக்கும் பகுதியைத் தள்ளிப்போட்டு வேலையில் தொடரலாம். கணக்கில் வைக்க வேண்டியது கெடு மட்டும்: ஐரோப்பிய முறையில் எழுத்துத் தேர்வின் 13 பாடங்களையும் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்கித் தேறிய பிறகு, 36 மாதத்துக்குள் கமர்ஷியலும் இன்ஸ்ட்ருமென்ட்டும் கைக்கு வந்தாக வேண்டும். அந்தக் கெடுவை நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் தள்ளிப்போட வேண்டும்.

மல்டி க்ரூ லைசென்ஸ் நல்ல காலத்தில் அருமையான வழி. 2006இல் வந்த இந்த முறையில் 240 மணி நேரப் பயிற்சியின் பெரும்பகுதி சிமுலேட்டரில், நேரே இரு பைலட் முறையில் நடக்கும். ஆனால் அந்த நிறுவனம் நடுவில் கைவிட்டால் சிக்கல். தனியாக ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டி மணி நேரம் சேர்க்கக்கூட அந்த லைசென்ஸ் அப்படியே உதவாது. வேறு லைசென்ஸாக மாற்றக் கூடுதல் பயிற்சி வேண்டும். நிறுவனம் கைவிட்டால் யார் செலவில் மாற்றித் தருவார்கள் என்பது எழுத்தில் இல்லையென்றால் சேராதீர்கள்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே 2013 முதல் கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். சில படிப்புகளுக்கும் ராணுவ அனுபவத்துக்கும் தளர்வு உண்டு. இதனால் லைசென்ஸுக்கும் விமான நிறுவனத்துக்கும் நடுவே பயிற்சியாளர் வேலை போன்ற ஓர் இடைநிலை அங்கே இயல்பாகவே இருக்கிறது.

படி 6: பள்ளியைப் போய்ப் பாருங்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள்

மந்த காலத்தில் பயிற்சிப் பள்ளிகளும் மூடும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டியிருந்தால், மூடிய பள்ளியிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால் நீங்களும் நிற்பீர்கள்.

சேரும் முன் வானம் தெளிவாக உள்ள ஒரு வார நாளின் காலையில், சொல்லாமல் போய் நில்லுங்கள். கையேட்டில் 12 விமானங்கள் என்று இருக்கும். ஏப்ரனில், அதாவது விமானம் நிறுத்தும் தளத்தில், எத்தனை நிற்கின்றன, எத்தனை பறக்கின்றன, எத்தனை எஞ்சின் மூடி திறந்தபடி ஹேங்கர் கொட்டகையில் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். பறக்கத் தோதான காலையில் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சீருடையோடு காத்திருப்பு அறையில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விஷயம் விளங்கிவிடும். விமானம் இல்லை, அல்லது பயிற்சியாளர் இல்லை. அவர்களில் ஒருவரிடம், "போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு எண் போதும். 200 மணி நேரத்தை அதால் வகுத்தால் உங்கள் பயிற்சி எத்தனை மாதம் இழுக்கும் என்று தெரியும்.

ஒப்பந்தத்தில் "கட்டிய தொகை எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது" என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், பறந்த மணி நேரத்துக்கு மட்டும் பின்னால் கட்டுகிறேன், அல்லது சிறு சிறு தவணையாகக் கட்டுகிறேன் என்று பேரம் பேசுங்கள். ஆள் சேராத காலம்; பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. மந்தம் மாணவருக்குத் தரும் ஒரே சலுகை அது, விட்டுவிடாதீர்கள். முழுத் தொகைக்குத் தள்ளுபடி தருகிறோம், இந்த வாரத்துக்குள் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தும் பள்ளிக்கு உங்கள் பணம் இந்த வாரமே தேவைப்படுகிறது என்று பொருள். வேலை உத்தரவாதம் என்று சொன்னால் எந்த நிறுவனம், எந்தக் கையெழுத்து என்று கேளுங்கள். "டை-அப்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் மதிப்பில்லை.

படி 7: காத்திருக்கும் காலத்துக்கு ஒரு வேலை

பயிற்சிக்குப் போகும் முன்பே கையில் இன்னொரு தொழில் இருப்பது நல்லது. 2020இல் பெரிய நிறுவனங்களின் கேப்டன்களே ரயில் ஓட்டவும் சரக்கு வண்டி ஓட்டவும் போனார்கள். திரும்பி வந்தபோது யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. நேர்முகத்தில் கேட்பது, இடைப்பட்ட காலத்தில் பறக்கும் பழக்கத்தை எப்படிக் காத்தீர்கள் என்பதைத்தான்.

பறக்கும் வேலையே வேண்டுமென்றால் விமான நிறுவனத்துக்கு வெளியே தேடுங்கள். பயிற்சியாளர், வான்வழி அளவை, மருந்து தெளிப்பு, நோயாளிகளை ஏற்றிச் செல்லும் விமானம், வாடகை விமானம் என்று வழிகள் உண்டு. சரக்கு விமானங்கள் வேறு தாளத்தில் ஓடுபவை. 2020இல் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்கு நிறுவனங்கள் பரபரப்பாக இருந்தன. பயிற்சியாளர் வேலையும் மந்தத்தில் சுருங்கும் என்பது உண்மைதான், மாணவர்கள் குறைவார்களே. ஆனாலும் மணி நேரத்துக்குக் காசு கொடுப்பதற்குப் பதிலாக வாங்குகிற நிலை வரும்.

படி 8: வேலை வந்தால் அதையும் சோதியுங்கள்

வேலை கிடைக்காமல் இருந்தவருக்கு எந்தக் கடிதமும் தங்கமாகத் தெரியும். நூற்றுக்கணக்கான மணி நேரம் பறக்க நீங்களே பணம் கட்டுங்கள், பிறகு வேலை பற்றிப் பார்க்கலாம் என்கிற திட்டங்கள் மந்த காலத்தில்தான் முளைக்கும். கோ-பைலட்டின் வலது இருக்கையில் உட்காரக் காசு கொடுப்பது வேலையல்ல. நீங்கள் காசு கட்டிய மணி நேரம் தீர்ந்ததும் அடுத்தவரிடம் காசு வாங்கி அதே இருக்கையில் உட்கார வைப்பார்கள்.

சீனியாரிட்டியையும் புரிந்துகொள்ளுங்கள். பல நிறுவனங்களில் சம்பளம், விடுமுறை, எந்த ஊரிலிருந்து பறப்பது, எப்போது கேப்டன் ஆவது எல்லாமே சேர்ந்த தேதியின் வரிசைப்படிதான். 1,000 பேர் உள்ள பட்டியலில் நீங்கள் 940ஆவது ஆள் என்று வையுங்கள். 100 பேரைக் குறைத்தால் நீங்கள் வெளியே. அதே நிறுவனத்தில் அடுத்த இரண்டு ஆண்டில் 80 பேர் ஓய்வு பெற்று, உங்களுக்குப் பின்னால் 100 பேர் சேர்ந்திருந்தால், அதே 100 பேர் வெட்டு உங்களைத் தொடாது. நிறுவனமே மூடிவிட்டால் 20 ஆண்டு கேப்டனும் அடுத்த இடத்தில் கடைசி எண்ணில்தான் தொடங்க வேண்டியிருக்கும். எனவே இரண்டு கடிதங்கள் வந்தால் சம்பளத்தைவிட, பட்டியலில் உங்களுக்குக் கீழே எவ்வளவு வேகமாக ஆட்கள் சேர்வார்கள் என்பதைப் பாருங்கள்.

பாண்டில், நிறுவனமே உங்களை நிறுத்தினாலும் பயிற்சித் தொகையைக் கட்ட வேண்டுமா என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். கட்ட வேண்டும் என்றிருந்தால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

படி 9: நிறுத்தும் தேதி

தொடங்கும் போதே ஒரு தேதியையும் ஒரு தொகையையும் எழுதி வையுங்கள். அதைத் தாண்டினால் புதுப்பிக்கும் செலவை நிறுத்திவிட்டு முழுநேரமாக மற்ற வேலைக்குப் போவது. நம்பகமான ஒருவரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்து வைப்பதும் நல்லது. "இன்னும் ஆறே மாசம்" என்று நாமே நம்மை ஏமாற்றுவது சுலபம்.

நிறுத்தினால் எல்லாம் வீண் என்று பயப்பட வேண்டாம். ஐரோப்பிய முறையில் கமர்ஷியல் லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி இல்லை. காலாவதி ஆவது அதன் மேலுள்ள ரேட்டிங்குகளும் மெடிக்கலும்தான். 13 பாடத் தேர்ச்சியும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கடைசியாகச் செல்லுபடியாக இருந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதற்குள் சந்தை திரும்பினால் கொஞ்சம் பயிற்சி, ஒரு தேர்வாளர், ஒரு மெடிக்கல், அவ்வளவுதான். ஏழு ஆண்டு தாண்டினால் எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். ஆகவே உங்கள் காகிதத்தில் நிறுத்தும் தேதிக்குப் பக்கத்திலேயே இந்த ஏழாம் ஆண்டு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.